எஸ்.ஐ. அடிச்சதுக்கு எங்க புகார் குடுக்கறது? முதல்ல அந்த 15,000 ரூபாயை குடுக்காதீங்க

கேள்வி: பைக் வித்ததுல குடுக்கல் வாங்கல் தகராறு. என் தம்பியை போன வாரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி எஸ்.ஐ. கன்னத்துலயும் முதுகுலயும் அடிச்சிட்டார். 3 நாள்ல 40,000 தரேன்னு எழுதி வாங்கிட்டு தான் விட்டாங்க. ஜி.எச்.ல காமிச்சோம். புகார் குடுத்தா அதே ஸ்டேஷனுக்கு தான் வரும், பொய் கேஸ் போட்ருவாங்கன்னு பயமுறுத்துறாங்க. மனித உரிமைல இருக்கேன்னு ஒருத்தர் வந்து 15,000 குடுத்தா சஸ்பெண்ட் பண்ண வைக்கிறேன்னு சொல்றார். என்ன பண்ணலாம்?

பதில்: அந்த ஆளுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க. மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு புகார் அனுப்ப கட்டணமே கிடையாது, வக்கீலும் வேணாம், தமிழ்ல வெள்ளைப் பேப்பர்ல எழுதி அனுப்பினா போதும். ஆணையத்துக்கு மாவட்டத் தலைவர், ஒன்றிய அமைப்பாளர்னெல்லாம் யாரும் கிடையாது. கார்ல போர்டு மாட்டிக்கிட்டு, கழுத்துல அட்டை தொங்க விட்டுக்கிட்டு வர்றவங்க தனியா ஒரு சங்கத்தை பதிவு பண்ணி வச்சிருக்கவங்க, அவ்ளோ தான். என்கிட்ட வந்த ஒரு குடும்பம் இப்படி ஒருத்தர்கிட்ட பணம் குடுத்துச்சு, அவர் நேரா ஸ்டேஷனுக்கு போய் அங்கயும் பேசி, கடைசில "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்"னு பையன்கிட்டயே கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டார். அடி வாங்குனவன் காசும் போச்சு, கேஸும் போச்சு.

அடுத்து ஜி.எச். விஷயம். அங்க ஏ.ஆர். எழுதியிருப்பாங்க, விபத்துப் பதிவேடு. அதோட காப்பியை வாங்கி, எப்படி காயம்னு எழுதியிருக்குன்னு பாருங்க. நெறைய பேர் பக்கத்துல போலீஸ் நிக்கறாங்களேன்னு பயந்து "வண்டில இருந்து விழுந்துட்டேன்"னு சொல்லிடறாங்க, அந்த ஒரு வரி தான் அப்புறம் மொத்த புகாரையும் சாய்க்குது. தம்பியும் அப்படி சொல்லியிருந்தா மறைக்காதீங்க, ஏன் அப்படி சொன்னான்னு மனுவுலயே எழுதிடுங்க. தழும்பு இன்னும் இருந்தா இன்னைக்கே போட்டோ எடுங்க.

அதைவிட அவசரம் சி.சி.டி.வி. ஸ்டேஷன்ல லாக்கப், வராண்டா, எஸ்.ஐ. ரூம் எதையும் விடாம கேமரா இருக்கணும், பதிவை 18 மாசம் வச்சிருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2020ல சொல்லிருக்கு. ஆனா கேட்கும்போது "கேமரா ரிப்பேர்", "அழிஞ்சு போச்சு"ன்னு தான் பதில் வருது. அதனால தேதி, மணி, எந்த ரூம்னு குறிப்பிட்டு "இந்தப் பதிவை பத்திரப்படுத்தணும்"னு தனியா ஒரு பாரா எழுதுங்க. நீங்க எழுத்துல கேட்ட பிறகு அழிஞ்சுதுன்னா அதுக்கு அவங்க தான் பதில் சொல்லணும்.

மனுவை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து எழுதறவங்ககிட்ட குடுக்காதீங்க. அவங்க "கொலைவெறியுடன் சரமாரியாக தாக்கி"ன்னு ஒரு பாட்டு வச்சிருக்காங்க, எல்லார் மனுவுலயும் அதே பாட்டு. ரெண்டு அறைன்னா ரெண்டு அறைன்னே எழுதுங்க. ஏ.ஆர்.ல ஒண்ணு மனுவுல ஒண்ணுன்னு இருந்தா உண்மையும் பொய்யாயிடும். எத்தனை மணிக்கு யார் போன் பண்ணாங்க, யார் யார் இருந்தாங்க, எத்தனை மணிக்கு விட்டாங்க, ஒன்றரை பக்கம் போதும்.

இப்ப அதே ஸ்டேஷனுக்கு தான் வருங்கற பயம். அது நியாயமான பயம் தாங்க. சி.எம். செல்லுக்கு போட்டாலும் கலெக்டர்கிட்ட குடுத்தாலும் சுத்தி சுத்தி யார் மேல புகாரோ அந்த ஸ்டேஷனுக்கே விசாரிக்கச் சொல்லி வர்றதை பாத்து பாத்து அலுத்துப் போச்சு. போலீஸ் மேல புகார் விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமைல தனி அமைப்பு வேணும்னு சுப்ரீம் கோர்ட் 2006லயே சொல்லுச்சு, நம்ம ஊர்ல 2013 சட்டத்துல என்ன பண்ணாங்கன்னா உள்துறைச் செயலாளரை தலைவரா போட்டு டி.ஜி.பி.யை உறுப்பினரா போட்டாங்க, மாவட்டத்துல கலெக்டர். இதுல எளிய மனுஷனுக்கு என்ன நம்பிக்கை வரும்? அதனால பத்து பேருக்கு அனுப்பாதீங்க, ரெண்டே இடம்: எஸ்.பி. (மாநகரம்னா கமிஷனர்), அப்புறம் மனித உரிமைகள் ஆணையம். ஸ்பீட் போஸ்ட்ல, ஒப்புகையோட. "சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் அதிகாரிகளை வச்சு விசாரிக்க வேணாம்"னு கடைசி வரில கேளுங்க. ஆணையத்துக்கு சம்பவம் நடந்து 1 வருஷத்துக்குள்ள போகணும், தாண்டினா எடுக்க மாட்டாங்க. அங்கயும் தீர்ப்பு வர வருஷக்கணக்காகும், சொல்லிடறேன்.

பொய் கேஸ். "பணி செய்ய விடாம தடுத்தான்"னு ஒண்ணு போடலாம், போட்டிருக்காங்க. உடனே யாராச்சும் வந்து "கோர்ட்ல கேஸ் இருந்தா ஆணையம் தொடாது"ம்பாங்க. இதை கொஞ்சம் நிதானமா படிங்க. கோர்ட் விசாரிச்சுக்கிட்டிருக்கற அதே விஷயத்தை தான் ஆணையம் எடுக்காது. தம்பி மேல போட்ட கேஸ்ல கேள்வி, தம்பி தடுத்தானா இல்லையாங்கறது. உங்க புகார்ல கேள்வி, எஸ்.ஐ. அடிச்சாரா இல்லையாங்கறது. ரெண்டும் வேற. தம்பி மேல கேஸே உண்மையா இருந்தாலும் அடிக்கறதுக்கு யாருக்கும் உரிமை இல்ல. அதனால கேஸ் இருந்தா மறைக்காம நம்பரோட எழுதி, "அந்தக் கேஸ் வேற, இது ஸ்டேஷன்ல அடிச்சது சம்பந்தமானது"ன்னு ஒரு வரி சேருங்க. அடிச்ச விஷயத்துக்கே நீங்க கோர்ட்ல தனிப் புகார் போட்டா அப்ப தான் ஆணையம் கையை விரிக்கும். எனவே முதல்ல எது போடறதுன்னு முடிவு பண்ணிட்டு போடுங்க.

எழுதி வாங்குன அந்தப் பேப்பர், அதுக்கு பயந்து 40,000 கட்டாதீங்க. பணத் தகராறை வசூல் பண்ணித் தர்றது போலீஸ் வேலையே இல்ல, எதிராளிக்கு பாக்கின்னா சிவில் கோர்ட்டுக்கு போகட்டும். அடிச்சு வாங்குன கையெழுத்துன்னு இந்த மனுவுலயே சொல்லிடணும், ஆறு மாசம் கழிச்சு சொன்னா எடுபடாது. இனி ஸ்டேஷன்ல இருந்து "சும்மா பேசலாம் வா"ன்னு கூப்பிட்டா தனியா அனுப்பாதீங்க, எழுத்துல சம்மன் குடுங்கன்னு கேளுங்க. "விசாரணை தேவையில்லை"ன்னு ஏதாச்சும் நீட்டினா கையெழுத்து வேணாம்.

"போன வாரம்"னு தான் எழுதியிருக்கீங்க, தேதி இல்ல, மணி இல்ல. இன்னைக்கு ராத்திரியே தம்பியை உக்கார வச்சு, அன்னைக்கு வந்த கால் எத்தனை மணின்னு அவன் போன்ல பாத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.