ஹெட்போனைக் கழற்றுங்கள், தம்பி

கேள்வி: எனக்கு 34 வயது. சில வருடங்களாகப் பாப்பிங் (தசையை வெட்டி வெட்டி இறுக்கி ஆடும் தெரு நடனம்) ஆடுகிறேன், ஃப்ரீஸ்டைல் நன்றாக வரும். இப்போது கன்டெம்பரரி (நவீன நடன) வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இம்ப்ரவைஸ் செய்யச் சொன்னார்கள், அதாவது முன்கூட்டி அமைக்காமல் அப்போதே ஆடச் சொன்னார்கள். ஆடினேன். "இது ஃப்ரீஸ்டைல்" என்றுவிட்டார் ஆசிரியை. இரண்டும் ஒன்றுதானே? வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறேன். நாலு வயது மகள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள், ஹெட்போன் போட்டுக்கொண்டால் தெரியாது. வேறு எப்படிப் பழகலாம்?

பதில்: ஒன்றில்லை, தம்பி. இரண்டுமே அந்த நேரத்தில் பிறக்கிற ஆட்டம்தான், நடுவில் கறாரான எல்லையும் கிடையாது. ஆனால் ஃப்ரீஸ்டைலுக்கு உங்களிடம் சரக்கு இருக்கிறது. வேவ், க்ளைட், ஹிட் என்ற பாப்பிங் அசைவுகள் எல்லாம் உடம்பில் ஊறியவை. பாட்டு வந்ததும் பீட்டுக்குத் தகுந்தபடி எடுத்துக் கோக்கிறீர்கள். இம்ப்ரவைசேஷன் வகுப்பில் பெரும்பாலும் அந்தச் சரக்கைத்தான் முதலில் பிடுங்குவார்கள். பாட்டுகூட இல்லாமல், 'முழங்கை மட்டும்தான் உன்னை இழுத்துப் போக வேண்டும்' என்று ஒரு நிபந்தனை போடுவார்கள். அதற்குள் என்ன நடக்கிறதென்று கவனித்து அடுத்ததை முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972-ல் தொடங்கிய கான்டாக்ட் இம்ப்ரவைசேஷனில் இருவர் ஒருவர்மேல் ஒருவர் எடையைச் சாய்த்து ஆடுவார்கள். கூட ஆடுபவர் தோளைக் கொஞ்சம் விலக்கினால் உங்கள் திட்டம் போச்சு. பரதத்தில் பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறு பாவனை காட்டுவார். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி இதில் பேர்போனவர். வரி மாறாது, தாளம் மாறாது. பாடுபவர்மேல் ஒரு காது இல்லாவிட்டால் அந்த ஆட்டம் நடக்காது.

நீங்களோ ஹெட்போன் போட்டுக்கொள்கிறீர்கள்! தினமும் ஒரு மணி நேரம் பழகுவது காதை அடைத்துக்கொள்வதைத்தான். அப்புறம் ஆசிரியை வேறென்ன சொல்வார்? நல்ல ஃப்ரீஸ்டைல் ஆட்டக்காரர்கூட இப்படி இருப்பதில்லை. என்ன பாட்டு வரும் என்றே தெரியாமல் பேட்டிலில் (மாறி மாறி ஆடும் போட்டியில்) இறங்குவார், எதிராளி விட்ட அசைவைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

சரி, ஆட்டத்தை விடுங்கள். ஒரு பிள்ளை அவ்வளவு நேரம் கதவைத் தட்டுகிறதே, வெளியே அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மனைவியா, அம்மாவா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கலைக்காக வீட்டையே மறந்தேன் என்று பெருமை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பெற்றவருக்குப் பிள்ளை முதலில், கலை அப்புறம்தான். கோபம் வந்தால் வரட்டும்.

தனியாக ஒரு மணி நேரம் வேண்டுமென்றால், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அதே ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் கதவு திறந்தே இருக்கட்டும். மகள் வந்து காலைக் கட்டிக்கொண்டால், அந்தக் காலை அசைக்காமல் மிச்ச உடம்பால் என்ன செய்யலாம் என்று பாருங்கள். அவள் விட்டுவிட்டு ஓடினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "அப்பாவுக்காக இன்னொரு தடவை" என்று பின்னாலேயே போய்க் கெஞ்சாதீர்கள், அவள் உங்கள் பயிற்சிக் கருவி இல்லை.

தனியாக இருக்கும் நாளில் பாட்டைப் போடாதீர்கள். மூன்று நிமிடம் ஆடுங்கள். பழகிய அசைவு ஒன்று தலைகாட்டினால் அப்படியே நின்று, வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் ஆடுவதைவிட நிற்பதுதான் அதிகமாக இருக்கும்.