வேட்பாளர் என்ன மதம் என்று எங்கே பார்ப்பது?

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் வேட்பாளர் நெற்றி நிறையத் திருநீறோடு ஓட்டுக் கேட்டு வருகிறார். ஆனால் அவர் சர்ச்சில் முட்டி போட்டு நிற்கிற போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவர் உண்மையில் என்ன மதம்? எங்கே பார்ப்பது? போட்டோவைத் தெரு குரூப்பில் போடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மதத்தைப் பார்க்க ஒரு பேப்பரும் கிடையாது. வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம். வழக்கு, சொத்து, கடன், படிப்பு, மனைவிக்கு எவ்வளவு நகை என்பது வரை இருக்கும்; மதத்துக்குக் கட்டம் இல்லை. உறுதிமொழி எடுக்கும்போது மட்டும் கடவுள் லேசாக எட்டிப் பார்ப்பார், அதிலும் 'கடவுள் பெயரால்' வேண்டாம் என்றால் 'உளமார' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

போட்டோவை வைத்து முடிவு கட்டுவது நம்ம சீமையில் நடக்காத காரியம். உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் இருக்கிறது, அந்தோணியார் கோயிலும் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஒன்றுக்குப் போய் இன்னொன்றை விட்டுவிட்டா வருவார்? செல்வராஜ், தங்கராஜ் என்ற பெயரை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. அண்ணன் வீட்டில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், தம்பி வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் என்று ஒரே காம்பவுண்டில் இருக்கிற குடும்பங்கள் உண்டு. அவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய் முட்டி போட்டிருக்கலாம்!

ஆனால் உங்களுடையது பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கக்கூடிய தனித்தொகுதி, அங்கே மட்டும் விஷயம் வேறு. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ மாறியவர் அதில் வரமாட்டார். மதம் மாறினால் சாதி விட்டுவிடுகிறதா என்ன என்று எனக்கும் ஆதங்கம் உண்டு, ஆனால் இன்றைக்குச் சட்டம் இதுதான்.

அப்போதும் போட்டோ எடுபடாது. கேரளாவின் தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-இல் ஜெயித்தவர் கிறிஸ்தவர் என்று வழக்குப் போட்டார்கள், சர்ச் பதிவேடுகளே கோர்ட்டுக்கு வந்தன, 2023-இல் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வெற்றி செல்லும் என்றது. பதிவேடு இருந்தே இந்தப் பாடு.

நிஜமாகவே சந்தேகம் இருந்தால், வேட்புமனு பரிசீலனை அன்று எதிர் வேட்பாளரின் தரப்பு ஆட்சேபம் எழுப்பலாம். முடிவு வந்த பிறகு என்றால், வாக்காளராகிய நீங்களே 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம்.

குரூப் விஷயத்துக்கு வருகிறேன். 'இவன் அந்த மதத்துக்காரன், ஓட்டுப் போடாதே' என்று வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு இன்னொருவரோ சொன்னால் அது ஊழல் நடவடிக்கை, ஜெயித்த தேர்தலே போகும்; வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கட்சிக்காரர் இல்லை, சரி. ஆனால் தேர்தலை வைத்து மதப் பகை மூட்டினால் யாராக இருந்தாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஃபார்வர்டு தானே பண்ணினேன் என்று ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டாம்.

புகார் சொல்லத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப் இருக்கிறது, ஆனால் அதில் அங்கேயே எடுக்கும் படம்தான் ஏறும், வாட்ஸ்அப் படம் ஏறாது. 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு ஃபோன் போடுங்கள் (ஆணை வந்த வருஷமும் அதுவே, மறக்காது). அதுவரை அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள்.