பாதி ஏற்றத்தில் கால் ஊன்றுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சிங்கப்பூரில் செஸ்ட்நட், புக்கிட் தீமா, புலாவ் உபின் என்று பல ஆண்டுகளாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஏற்றத்தை முடிக்க மனம் வரவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவர்களில் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, செஸ்ட்நட்டில் ஒரே ஏற்றத்தில் ஒவ்வொரு வாரமும் பாதியில் நின்றுவிடுகிறேன். எனக்கு மனவுறுதி போதவில்லையா? (ஈசூன்)

தம்பி, மனத்தைத் திட்டுவதற்கு முன் கியரைப் பாருங்கள். நான் கவனித்தவரை, பாதியில் நிற்பவர்கள் முதல் முப்பது மீட்டரிலேயே தோற்றுவிடுகிறார்கள். வந்த வேகத்தில் பாய்ந்து ஏறுவார்கள், கனமான கியரில் மிதிப்பார்கள், மூச்சு முட்டியபின் அவசரமாகக் கியரை மாற்றுவார்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் சங்கிலி கடகடவென்று அலறும், சில சமயம் கழன்றும் விடும். ஏற்றம் தொடங்குமுன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். நிமிடத்துக்கு எழுபது சுற்றுப் போல மிதியுங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு சிறு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. முதல் பாதி சலிப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டாம் பாதிக்கு மனம் மிஞ்சும்.

ஊரில் போடி மெட்டு மலைச்சாலையில் சைக்கிள் மிதித்தவன் நான். இங்கே 163 மீட்டர் உயர புக்கிட் தீமா பக்கத்திலேயே திணறுகிறேன். சைக்கிளும் பழையது. வெட்கமாக இருக்கிறது. (உட்லண்ட்ஸ் தொழிலாளர் விடுதி)

வெட்கம் எதற்குத் தம்பி? போடி மெட்டில் ஏற ஏறக் குளிரும். இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியானால்தான் உடல் குளிரும். சமதரையில் வேகமாகப் போகும்போது காற்றாவது முகத்தில் அடிக்கும். ஏற்றத்தில் நடை வேகம்தான், மரங்கள் அடர்ந்த பாதையில் அந்தக் காற்றும் இல்லை. அதனால் அதே உழைப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. நீங்கள் சோம்பேறி ஆகிவிடவில்லை.

உங்களுடைய ஒரே ஓய்வு நாள் ஞாயிறு என்று எழுதியிருந்தீர்கள். அன்று காலை ஏழு மணிக்கே பாதையில் இருங்கள். தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஒரு புட்டியில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கலந்து வைத்துக்கொள்ளலாம். பழைய சைக்கிள் என்றும் வருந்தாதீர்கள். சங்கிலி ஓடும் பல்சக்கரங்களில், முன்னால் உள்ள சிறியதில் 22 பல், பின்னால் உள்ள பெரியதில் 34 பல் இருந்தால் போதும். முன்னால் 32, பின்னால் 50 என்று ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் புதிய சைக்கிளும் ஏறக்குறைய அதே அளவுதான் இலகு.

இன்னொன்று, 163 மீட்டர் என்று ஏளனம் செய்கிறவர்களிடம், அதை 55 முறை ஏறினால் எவரெஸ்ட் உயரம் என்று சொல்லுங்கள். நான் கணக்கு மட்டும்தான் போட்டிருக்கிறேன்!

முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது, எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்குகிறது. (தெம்பனிஸ்)

எழாதீர்கள். இருக்கையின் முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்கள். மழைக்கு மறுநாள் வேர்கள் மீது இதுவும் உதவாது. அன்று வேறு வேலை பாருங்கள்.

கடைசிக் கட்டத்தில் உங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்வீர்கள்? (புக்கிட் பாஞ்சாங்)

வீர வசனம் எதுவும் இல்லை. எண்ணுவேன். வலது கால் கீழே போகும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, பத்து, மறுபடி ஒன்று. உச்சியைப் பார்க்க மாட்டேன், நான்கைந்து மீட்டர் தள்ளி ஒரு வேரையோ கல்லையோ பார்ப்பேன்.

உபினில் ஒருமுறை, இனி முடியாது என்று இறங்கிச் சைக்கிளைத் தள்ளினேன். எட்டு அடி வைத்ததும் பாதை சமமாகிவிட்டது. வளைவு மறைத்திருந்திருக்கிறது. அன்று வந்த எரிச்சல் இருக்கிறதே! அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: இறங்குவது என்று முடிவான பிறகு இன்னும் இருபது சுற்று மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் இறங்கத் தோன்றினால் இறங்கலாம், மனம் உறுத்தாது. பெரும்பாலும் தோன்றுவதில்லை.

ஆனால் தலை சுற்றினாலோ, வெயிலில் மேனி சிலிர்த்தாலோ எந்த விதியும் வேண்டாம். உடனே இறங்கி நிழலுக்குப் போங்கள்.

எனக்கு 58 வயது. ஏற்றத்தில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாமா? (ஜூரோங்)

கூடாது அண்ணே. களைப்பைத் தாங்கலாம், மூட்டு வலியைத் தாங்கக் கூடாது. இருக்கை தாழ்வாக இருந்தால் முன்பக்கம் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி உயர்த்திப் பாருங்கள். அப்படியும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் 12 வயது மகள் ஏற்றத்தைக் கண்டாலே அழுகிறாள். எப்படி உற்சாகப்படுத்துவது? (செங்காங்)

நீங்கள் முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவளை முன்னால் விடுங்கள், அவள் வேகத்துக்கு நீங்கள் பின்னால் வாருங்கள். கிளம்பி முக்கால் மணி நேரம் ஆனதும் பாதி வாழைப்பழம் கொடுங்கள். பிள்ளைகளின் அழுகை பல நேரம் பசிதான். தள்ளிக்கொண்டு ஏறினால் ஏறட்டும். மேலே போனதும், "பார்த்தாயா, முடிந்தது அல்லவா" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் மகளிடம் சொன்னேன். அவள் இப்போது பூப்பந்து விளையாடுகிறாள்.