நெல் பணத்தை விடுங்க, பென்ஷனைப் பாருங்க

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 66, ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். 2025-26இல் மாதம் ரூ.36,000 பென்ஷன், டெபாசிட் வட்டி ரூ.68,000. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டதில் நாலரை லட்சம் கணக்கில் ஏறியது. 12 லட்சம் வரை வரி இல்லையே, நான் வருமான வரி ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்) போடணுமா?

பதில்: போடணும் சார். ஆனால் நெல்லுக்காக இல்லை.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகைக்கு விட்டு வாங்கும் பணமும் அதில் சேர்த்தி. ஆனால் அறுவடை மெஷினை ஊராருக்கு வாடகைக்கு ஓட்டினால், இறால் குளம் வைத்தால், அது வியாபாரக் கணக்கு. டெல்டாவில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

உங்கள் பென்ஷன் வருடத்துக்கு 4,32,000. நிலையான கழிவு 75,000 போக 3,57,000. வட்டியைச் சேர்த்தால் 4,25,000. புதிய வரி முறையில் வரி விலக்கு வரம்பு 4 லட்சம். அதைத் தாண்டியதும் ரிட்டர்ன் கட்டாயம். 12 லட்சம் என்பது தள்ளுபடி தந்து வரியைப் பூஜ்யமாக்கும் எல்லை, ரிட்டர்னிலிருந்து விலக்கு தரும் எல்லை அல்ல. உங்களுக்கும் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான். பழைய முறைக்குப் போனாலும் தப்ப முடியாது: 60 தாண்டியவருக்கு அங்கே வரம்பு 3 லட்சம், அதுவும் எல்ஐசி போன்ற கழிவுகளுக்கு முந்தைய தொகைக்கு.

வரம்புக்குள் இருப்பவர்களையும் சில விஷயங்கள் இழுத்துவிடும். சிங்கப்பூர் பிள்ளையைப் பார்க்கப் போக உங்கள் கைக்காசில் 2 லட்சத்துக்கு மேல் செலவானால், கரண்ட் பில் வருடத்தில் லட்சத்தைத் தாண்டினால், சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டிருந்தால், மூத்த குடிமக்களுக்கு டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) 50,000 அல்லது அதற்கு மேல் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டே ஆகணும்.

படிவத்தில் கவனம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் செல்லாது. நீங்கள் ஐடிஆர்-2 போடுங்கள். நாலரை லட்சத்தை அப்படியே காட்டாமல் நடவுக் கூலி, உரம், மெஷின் வாடகையைக் கழித்து நிகரத்தைக் காட்டுங்கள். சிட்டா, அடங்கல், கொள்முதல் ரசீது நகல்களை ஒரே ஃபைலில் வையுங்கள். கேட்டால் உடனே காட்டலாம்.

கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம், உங்கள் வருமானத்துக்குத் தாமதக் கட்டணம் ரூ.1,000.