வாசகர் கேள்வி: முதன்முறை ஆலயத்துக்குப் போகும்போது

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கிறிஸ்தவ ஆராதனையை ஒருமுறை பார்க்க நெடுநாள் ஆசை. தனியாகத்தான் போவேன். எந்தச் சபைக்குப் போனால் சங்கடமில்லாமல் இருக்கும்?
– வாசகி, கோவை

தனியாகப் போவதால், முதலில் கத்தோலிக்க ஆலயத்தின் ஞாயிறு திருப்பலிக்கு (பூசைக்கு) போங்கள். பெரிய பங்கு (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் வட்டாரம்) என்றால் கூட்டத்தில் புதுமுகம் தெரியாது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்பதை முன்னால் இருப்பவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதனால் பின்பாதியில் இடம் பிடியுங்கள். முழங்காலிட மனமில்லையென்றால் உட்கார்ந்தே இருக்கலாம்.

பலரும் தடுமாறுவது, அப்பம் வழங்கும் நற்கருணை வேளையில்தான். எல்லாரும் வரிசையில் போகிறார்களே, பிரசாதம் போலும் என்று பின்னாலேயே போய்க் கை நீட்டிவிடாதீர்கள். அந்த அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாகவே அவர்கள் நம்பி ஏற்கிறார்கள். கிறிஸ்தவரல்லாதவர் அதை வாங்கக் கூடாது. இடத்திலேயே இருந்து, மற்றவர்கள் போக வழிவிட்டால் போதும்.

பாட்டும் பிரசங்கமும் கேட்கத்தான் விருப்பம் என்றால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் நல்லது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழிச் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் இணைந்து உருவானது இது. ஆகவே பெயர்ப்பலகை ஒன்றானாலும் வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வழி, நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் (காங்கிரிகேஷனல்) வழி. பல ஆலயங்களில் மாத முதல் ஞாயிறு திருவிருந்து (நற்கருணைக்கு அங்கே அதுதான் பெயர்) இருக்கும், ஆராதனை நீளும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் அன்புக்குக் குறைவிருக்காது. ஆனாலும் முதல் முறைக்கு அதைச் சொல்லமாட்டேன். கைதட்டலும், யாருக்கும் புரியாத மொழியில் எழும் அந்நியபாஷை ஜெபமும் பழக்கமில்லாதவரைத் திகைக்க வைக்கும். புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வதும், பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்குவதும் பல இடங்களில் உண்டு. கொடுக்க விருப்பமில்லையென்றால், “பார்க்கத்தான் வந்தேன்” என்று புன்னகையோடு சொல்லுங்கள்.

காணிக்கைப் பை எங்கும் வரும். ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் கொடுக்கலாம், தவறில்லை. துப்பட்டா ஒன்று கையில் இருக்கட்டும். தலையில் முக்காடிடும் சபையானால் உதவும். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள்.

ஆராதனை நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சென்னை

சனிக்கிழமையே ஆலய வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். நகரங்களில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி நேரம் இருக்கும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களில் நேரமும் மாறும், உட்கார இடமும் கிடைக்காது. இயேசு சிலுவையில் இறந்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளியன்று சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை நடக்கும். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.