இந்தியாவின் முதல் சுரங்க ரயில் பாதையான கொல்கத்தா மெட்ரோவை முடிக்க ஏன் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது? பிறகு அது எப்படி நீண்டது?

'அரசாங்க வேலை என்றால் அப்படித்தான்' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். கொல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பாதையில்தான் அலுவலகம் போய்வந்தேன். அதன் கதையைத் தேடிப் படித்த பிறகு எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இரண்டு காரணங்கள் முக்கியம்: ஊரைப் பிளந்து தோண்ட வேண்டியிருந்தது, பணமோ சொட்டுச் சொட்டாக வந்தது. அது எந்தத் திசையில் நீண்டது என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். தனியாரிடம் நிலம் கேட்டு நிற்க வேண்டாத இடமாகப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறது அந்தப் பாதை.

முதலில், கொல்கத்தா ஏன் முந்திக்கொண்டது? அங்கே நகரப் பரப்பில் சாலைகளுக்கு இருந்த இடம் 5 சதவீதத்துக்கும் குறைவு. பஸ், டிராம், லாரி, கைவண்டி எல்லாம் அதற்குள்தான் ஓட வேண்டும். 1921-லேயே ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஹவுராவுக்கு ரயில் விட ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அது காகிதத்தோடு நின்றது. 1949-ல் முதல்வர் பிதான் சந்திர ராய் பிரெஞ்சு நிபுணர்களை அழைத்து மறுபடி ஆரம்பித்தார். 1969-ல் தனித் திட்ட அமைப்பு, 1971-ல் சோவியத் நிபுணர்களின் உதவியோடு பெருந்திட்டம், 1972 டிசம்பர் 29-ல் இந்திரா காந்தி கையால் அடிக்கல். அதுவரை எல்லாம் சரி.

சிக்கல் மண்வெட்டியைக் கையில் எடுத்ததும் தொடங்கியது. இன்று சென்னையிலும் தில்லியிலும் பார்ப்பதுபோல் ஒரு ராட்சத இயந்திரத்தை உள்ளே இறக்கி, மேலே ஊர் தன்பாட்டுக்கு நடக்க, கீழே குடைந்துகொண்டு போகவில்லை. சுரங்கத்தின் பெரும்பகுதி சாலையைத் திறந்து, தோண்டி, பெட்டி மாதிரி கான்கிரீட் கட்டி, மூடியதுதான். கொல்கத்தா மண் வண்டலும் களிமண்ணும். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். சும்மா பள்ளம் வெட்டினால் பக்கத்துக் கட்டடமும் கூடவே இறங்கிவிடும். அதனால் முதலில் இரண்டு ஓரத்திலும் ஒடுக்கமான பள்ளம் வெட்டி, அது சரியாமலிருக்க பெண்டோனைட் களிக்குழம்பை நிரப்பி, அதற்குள் கம்பிக்கூடு இறக்கி, கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்பினார்கள். டயஃப்ரம் சுவர் என்பார்கள். அந்தச் சுவர்கள் நின்ற பிறகுதான் நடுவே இருக்கும் மண்ணை அள்ள முடியும். அதற்கும் முன்னால் அந்தச் சாலைக்கு அடியில் இருக்கும் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி அத்தனையையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ஊர். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு வரைபடத்தை நம்ப முடியாது.

ஷியாம்பஜாருக்கும் பெல்காச்சியாவுக்கும் நடுவில் மட்டும் இப்படித் தோண்ட வழியில்லை. மேலே கால்வாயும் ரயில்வே யார்டும். அங்கே மண் சரியாமல் தாங்கும் கவசம் பொருத்தி, சுரங்கத்துக்குள் காற்றழுத்தத்தை ஏற்றித் தண்ணீரைத் தடுத்துக் குடைந்தார்கள்.

பணக் கதை சின்னது. பின்னால் வந்த தில்லி, சென்னை மெட்ரோக்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்ட கம்பெனிகள் உண்டு. வெளிநாட்டுக் கடன் வாங்கி வேலையை ஓட்டினார்கள். கொல்கத்தாவின் இந்தப் பாதை முழுக்க ரயில்வேயின் சொத்து. ஆண்டுதோறும் ஒதுக்குகிற தொகையை நம்பித்தான் ஓட்டம். முதல் சில ஆண்டுகளில் ஒதுக்கீடு மிகக் குறைவு. நடுவில் நீதிமன்றத் தடைகள், சிமென்டு இரும்புக்கு இழுபறி. மெட்ரோ வேலைக்கு நிலம் எடுப்பதற்கென்றே ஒரு சட்டம் 1978-ல்தான் வந்தது, அதாவது அடிக்கல் நாட்டி ஐந்தாறு ஆண்டுகள் கழித்து!

திறந்த விதம் இதைவிட வேடிக்கை. 1984 அக்டோபர் 24-ல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது: 3.4 கிலோமீட்டர், ஐந்து நிலையங்கள். அடுத்த மாதமே வடகோடியில் டம்டம்–பெல்காச்சியா என்று இரண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்கு இன்னொரு துண்டு. இரண்டுக்கும் நடுவே தொடர்பே கிடையாது. 1986 ஏப்ரலில் தெற்குத் துண்டு டாலிகஞ்ச் வரை போனது. அது உடனே பிடித்துக்கொண்டது. வடக்குத் துண்டில் யார் ஏறுவார்கள்? டம்டமில் ஏறி பெல்காச்சியாவில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிப்பதற்கு, டம்டமிலேயே பஸ் பிடித்துவிடலாமே. 1992-ல் அந்தச் சேவையை நிறுத்தியே விட்டார்கள். 1994 ஆகஸ்டில் ஷியாம்பஜாரோடு இணைந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. வடக்கும் தெற்கும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, கடைசியாக மகாத்மா காந்தி ரோடு நிலையப் பகுதி 1995 செப்டம்பரில் திறந்து இடைவெளி அடைபட்டது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை சுமார் 16.5 கிலோமீட்டர், 17 நிலையங்கள்.

நடுப்பகுதி கடைசிக்குத் தள்ளிப்போனதில் ஆச்சரியம் இல்லை. தெற்கே சௌரங்கி பக்கம் மைதானத்தை ஒட்டிய அகலச் சாலை, தோண்ட இடம் உண்டு. வடக்கே சித்தரஞ்சன் அவென்யூவும் பழைய ஊருக்குள் வெட்டித் திறந்த அகலச் சாலைதான். ஆனால் இருபுறமும் நெருக்கமான பழைய கட்டடங்கள், வியாபாரம், கூட்டம்.

இங்கே நம்மூர்ச் சங்கதி ஒன்று. அந்தப் பழைய பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் செய்தவை. ஏசி கிடையாது, குளிர்வித்த காற்றைச் சுரங்கத்துக்குள் அனுப்புவார்கள், அது ஜன்னல் வழியே வரும். கூடவே வரும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஏசி ரயில்கள் 2010-ல் வந்தன. கடைசி ஏசி இல்லாத ரயில் 2021 அக்டோபரில் ஓய்வு பெற்றது. லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு காளிகாட் நிலையம்தான் வாசல். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் அங்கே இறங்கினால் தமிழ் காதில் விழும்.

இனி நீண்ட கதை. டாலிகஞ்சுக்குத் தெற்கே சுரங்கம் இல்லை, பெரும்பாலும் தூண்மேல். அந்தத் தூண்களை எங்கே நட்டார்கள்? டாலி நாலா என்ற கால்வாயில்! ஒரு காலத்தில் ஹூக்ளியின் போக்காக இருந்த ஆதிகங்கை அது. காளிகாட் கோயிலைத் தொட்டுக்கொண்டு போகும். பல ஆண்டுகளாகச் சாக்கடையாகிவிட்டது என்றாலும், இருந்த ஓட்டத்தையும் தூண்கள் அடைத்துவிடும் என்று சூழலியலாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். கரையில் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். 2009-ல் கரியா பஜார், 2010-ல் நியூ கரியா என்று ரயில் ஓடிவிட்டது. தனியார் நிலத்தை வாங்கியிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ. ஆனாலும் ஒரு ஆற்றின் மிச்சத்தை ரயில் பாதைக்கான காலி மனையாகப் பார்த்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வடக்கே 2013-ல் நோவாபாரா, 2021 பிப்ரவரியில் தட்சிணேஸ்வரம். அங்கும் பெரும்பாலும் ரயில்வே தண்டவாளங்களின் ஓரம்தான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டாலிகஞ்ச் பலகையில் 'மகாநாயக் உத்தம் குமார்', கரியா பஜார் 'கவி நஸ்ருல்', நியூ கரியா 'கவி சுபாஷ்'. வழி கேட்டால் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

'இயந்திரம் இருந்திருந்தால் சீக்கிரம் முடித்திருப்பார்களே' என்று கேட்பவர்கள் கொல்கத்தா மெட்ரோவின் இன்னொரு பாதையான கிழக்கு–மேற்குப் பாதையைப் பார்க்கலாம். ஹூக்ளிக்கு அடியில் போகும் பாதை அதுதான். ஆற்றுக்கடியில் ரயில் ஓடத் தொடங்கியது 2024 மார்ச்சில். ஆற்றைக் கடந்த இயந்திரங்கள் சறுக்கியது பௌபஜாரில். 2019 ஆகஸ்ட் கடைசியில் நீர் கொண்ட மண்ணடுக்கு ஒன்று உடைந்து, மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. அந்தப் பாதை முழுதாக இணைய 2025 ஆகஸ்ட் ஆனது. அதே மண்ணில் 1970-களில் கையில் இருந்ததை வைத்துத் தோண்டியவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நீட்டிப்பு மட்டும் என்றில்லை, பாதை சுருங்கியதும் உண்டு. 2025 ஜூலை இறுதியில் கவி சுபாஷ் நிலையத் தூண்களில் விரிசல் தெரிந்து அதை மூடினார்கள். பயணிகளுக்கு முந்தைய நிலையமான ஷஹீத் குதிராமே கடைசி என்றானது. ஆனால் ரயில் தடம் மாறித் திரும்பும் வசதி மூடிய நிலையத்தில்தான் இருந்தது. ஆகவே எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலியாக அங்கே போய்த் திரும்பி வந்தது ரயில். அந்தத் தாமதம் தட்சிணேஸ்வரம் வரை எதிரொலித்தது.