ஜிம் சந்தாவை நிறுத்திவிட்டு மலை ஏறுவது பற்றி: கேள்வி பதில்

சந்தாவைப் புதுப்பிக்காமல் மலை ஏறப் போனவன் நான், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. நான் டாக்டர் இல்லை, கோச்சும் இல்லை. ஒன்பது வருடமாக வாராவாரம் ஏறி இறங்குகிறவன், அவ்வளவுதான்.

சென்னையில் மலைக்கு எங்கே போவது சார்? இங்கே கடல்தானே இருக்கிறது! (வேளச்சேரி)

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பாருங்கள், பரங்கிமலை தெரிந்தாலும் தெரியும். உயரம் சுமார் 300 அடி, படிகள் நூற்றுச் சொச்சம். ஒரு தடவை ஏறினால் பத்து நிமிடம் கூட ஆகாது, அதனால் நான் ஐந்து சுற்று போவேன். மூன்றாவது சுற்றில்தான் மூச்சு பேச ஆரம்பிக்கும். மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும், ஒரு விமானம் இறங்கும் வரை ஓய்வு, அப்புறம் அடுத்த சுற்று. லாம்ப்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்தியாவை அளக்கும் வேலையை 1802-ல் இந்த மலைப் பக்கம்தான் தொடங்கினார், நம் தொப்பையை அளக்க இந்த இடம் போதாதா?

ட்ரெட்மில்லிலேயே சாய்வு வைத்து ஏறுகிறேனே, மலையில் அப்படி என்ன புதுசு? (அண்ணா நகர்)

இறங்குவதுதான் புதுசு. ட்ரெட்மில்லில் எவ்வளவு ஏறினாலும் இறங்க வேண்டியதில்லை. மலையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் தொடைத் தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைப் பிடித்து நிறுத்துகிறது, பழக்கமில்லாத தசைக்கு அது பெரிய வேலை. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் தெரியும். முதல் தடவை சோளிங்கர் நரசிம்மர் மலைக் கோயிலுக்குப் போய் 1305 படியும் ஏறி இறங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெருமையாக ஊர் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். அதற்கு முன் இரண்டு வருடம் ஜிம்மில் கால் பயிற்சி செய்தவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 52 வயது, முட்டி வலி உண்டு. ஏறலாமா தம்பி? (மேற்கு மாம்பலம்)

முட்டி வீங்குகிறது, பூட்டிக்கொள்கிறது என்றால் முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள் அக்கா. வெறும் வலிதான், நடக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால், ஏறுவதை விட இறங்குவதில்தான் முட்டிக்குச் சுமை அதிகம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வீட்டிலேயே பழகலாம்: அபார்ட்மெண்ட் படியில் ஏறுங்கள், லிஃப்டில் இறங்குங்கள். சோளிங்கரில் 2024-லிருந்து ரோப் கார் ஓடுகிறது. எல்லாரும் அதில் ஏறிப் போய்விட்டுப் படியில் நடந்து இறங்குகிறார்கள், நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்.

ஜிம்மையே விட்டுவிடலாமா? எடை குறையுமா? (போரூர்)

இரண்டுக்கும் முழு ஆமாம் சொல்ல மாட்டேன். மலை காலுக்கும் நெஞ்சுக்கும் கொடுப்பதைக் கைக்கும் தோளுக்கும் கொடுக்காது. வாரம் இரண்டு நாள் வீட்டில் தண்டால் எடுங்கள், தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குங்கள், போதும். எடை விஷயம் இறங்கிய பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் திருக்கழுக்குன்றம் இறங்கியதும் நெய் ரோஸ்ட், பொங்கல், வடை, மேலே ஒரு ஃபில்டர் காபி என்று முடிப்பார். மூன்று வருடமாக அவர் எடை ஒரு கிலோ கூட அசையவில்லை. ஆனால் ஒரு வாரம் கூட லீவு போட்டதில்லை. ஜிம்முக்கு இருபது நாள் போய்விட்டு நின்றவர் அவர்.

வெயிலில் எப்படி? (தாம்பரம்)

வெயிலில் போகாதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில் வேர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. தலை சுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும், ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று ஏறக்கூடாது. வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் கொண்டு போங்கள். இன்னொன்று, கோயில் மலைகளில் செருப்பைக் கீழேயே விட வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் ஒரு சித்திரை மாதம் பத்தரை மணிக்கு இறங்கினேன். படி ஓரத்தில் இருந்த விரல் அகல நிழலில் குதிகாலை வைத்து வைத்து... பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். விடியற்காலையில் ஏறுங்கள், ஒன்பதுக்குள் கீழே வந்துவிடுங்கள்.

பசங்களோடு நாகலாபுரம் போகிறோம், அருவியில் குளிக்க. டிப்ஸ்? (பெரம்பூர்)

அது ஆந்திரக் காடு, அங்கத்திய வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். பாறைக் குளங்களில் ஆழம் தெரியாமல் மேலிருந்து குதிப்பதும் வேண்டாம், நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காட்டில் தீ பயமும் உண்டு: 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலை ஏறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத் தீயில் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. காய்ந்த புல்லில் தீ நம்மை விட வேகமாக மலை ஏறும். நம் பக்கம் காடு பார்க்க ஆசை என்றால் வனத்துறையே 2024-ல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று தொடங்கியிருக்கிறது, பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள்.

ஷூ? (ஆவடி)

விலை முக்கியமில்லை, அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறங்கும்போது கால் முன்னால் சரியும், இடமில்லை என்றால் கட்டை விரல் நகம் கறுத்துப் போகும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரம் பிடித்துக் கொப்புளம் வரும்.

குரங்குகள் தொல்லையா? (குரோம்பேட்டை)

சோளிங்கரில் ரொம்ப. கேரி பேக்கை வெளியே காட்டினாலே வந்துவிடும், சாப்பாடோ பூஜைச் சாமானோ அதற்குக் கவலையில்லை. என்னிடம் பிடுங்கியது மூக்குக் கண்ணாடியை. வாழைப்பழம் கொடுத்தோம், பழத்தையும் வாங்கிக்கொண்டது, கண்ணாடியையும் தரவில்லை. மிச்சப் படிகளை மனைவி தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.